பனியிற் கிடந்த நெகட்டிவ்கள்

தென்துருவக் கண்டத்தருகே, காப்டன் ஸ்காட் 1911-ல் எழுப்பிய மரக்குடிலின் இருட்டறையில், ஒரு நூற்றாண்டின்பின் சிறு பெட்டியொன்று கிடைத்தது. அதனுள் 22 நெகட்டிவ்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன. கண்டத்தைக் குறுக்கே கடந்துவரும் ஷாக்கிள்டனுக்கு வழியில் உணவு வைத்தற்பொருட்டு 1915 முதல் 1917 வரை அங்கே உழன்று, மூவரை இழந்த குழுவினர் விட்டுச்சென்றவை அவை. ஷாக்கிள்டனோ அவ்வழி வரவேயில்லை. அவர் கப்பல் 1915-லேயே கடற்பனியில் நொறுங்கிற்று.

நியூஸிலாந்து வல்லுநர் ஒருவர் அவற்றை ஒவ்வொன்றாகப் பிரித்து, பூஞ்சையை நீக்கி, உரிந்த ஜெலட்டின் படலத்தை நிலைப்படுத்தினார். உருவம் அப்படலத்திலன்றோ உள்ளது! நம்மவர் சிலர் முன்னோரின் நெகட்டிவ்களை ஈரத்துணியால் துடைக்கின்றனர். பூஞ்சை தின்ற ஜெலட்டின் நீர்பட்டாற் கரையும் என்பதை அறியார்.

பின்னரே அவற்றை ஸ்கேன் செய்து, 2013 டிசம்பரில் உலகறிய வெளியிட்டனர். அழிந்த இடங்களைப் புதிதாய் எழுதி நிரப்பாது விட்டமை எமக்கு உவப்பே. கறைகளுக்கிடையே, கப்பலின் மேல்தளத்தில் நிற்கும் விஞ்ஞானி அலெக்ஸாண்டர் ஸ்டீவன்ஸ் நன்கு தெரிகின்றார்.