வேதப்புரட்டா, வெறும் மனஸ்தாபமா?

போன மாசம் பசுமலையில ஒரு துக்க வீடு. அடக்கம் முடிஞ்சு வந்து எல்லாரும் டீ குடிச்சிட்டிருந்தோம். சொந்தக்காரப் பையன் ஒருத்தன் பெந்தெகோஸ்தே சபைக்குப் போய் முழுக்கு ஞானஸ்நானம் எடுத்த பேச்சு வந்தது. குழந்தையில கொடுத்த ஞானஸ்நானம் செல்லாதுன்னு ஆகிடுதே! பெரியவர் ஒருத்தர் டம்ளரைக் கீழே வச்சிட்டு, "இது வேதப்புரட்டு"ன்னு தீர்ப்பு சொல்லிட்டார். அங்கே யாரும் வாயைத் திறக்கலை. எனக்கு மட்டும் அந்த வார்த்தை மண்டைக்குள்ள ஓடிக்கிட்டே இருந்தது. வீட்டுக்கு வந்து வேதாகமத்தைப் புரட்டினேன். அதோட விளைவு இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கோங்க.

கிரேக்கத்தில ஒரே சொல். 'தெரிந்தெடுப்பு' என்று பொருள். அதிலிருந்து 'ஒரு கட்சி' என்றும் ஆனது. நம்ம பழைய மொழிபெயர்ப்பில அதுவே மூணு வேஷம் போடுது. அப்போஸ்தலர் நடபடிகளில பவுல் மேல பிராது கொடுக்கிற இடத்தில் 'மதபேதம்'. கொரிந்தியர் நிருபத்தில் 'மார்க்கபேதம்'. தீத்துவுக்கு எழுதும்போது 'வேதப்புரட்டன்'! பவுலையே எதிராளிகள் அந்தச் சொல்லால்தான் குறிப்பிட்டாங்க என்பதைக் கவனிக்கணும். கத்தோலிக்கர் பக்கம் 'பதிதர்' என்பார்கள். தரங்கம்பாடி லுத்தரன்காரர்களுக்கு எதிராக வீரமாமுனிவர் எழுதிய நூலுக்குப் பெயரே 'பேதகமறுத்தல்'.

அப்ப எது வேதப்புரட்டு, எது வெறும் கருத்து வேறுபாடு? கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டம் (1983) தெளிவாகவே சொல்லுது. ஞானஸ்நானம் பெற்றவராக இருக்கணும். விசுவசித்தே ஆகவேண்டியது என்று சபை வரையறுத்த சத்தியம் ஒன்றை மறுக்கணும், இல்லை சந்தேகப்படணும். எடுத்துச் சொன்ன பிறகும் பிடிவாதமா நிக்கணும். பழக்கவழக்கம், உடை, ஆராதனை முறை இதிலெல்லாம் சண்டை போட்டா அது வேறே கணக்கு. கீழ்ப்படியாமைன்னு வேணா சொல்லலாம், பேதகம் ஆகாது.

காகிதத்தில சுலபம். மதுரையில அது சுலபமா இருக்கலை.

1606-ல் இங்கே வந்த ராபர்ட் தெ நொபிலி, நம்ம தத்துவ போதகர், காவி கட்டினார், சைவமா சாப்பிட்டார், பரங்கி என்ற பேரே வேண்டாம்னு தனியா வீடும் கோயிலும் வச்சுக்கிட்டார். அவர்கிட்ட ஞானஸ்நானம் வாங்கின பிராமணர்கள் குடுமியும் பூணூலும் சந்தனமும் விடலை. அவருக்கு முன்னாடியே மதுரையில் இருந்த சேசுசபைக்காரர் கொன்சாலோ பெர்னாண்டஸ் மேலிடத்துக்குப் புகார் எழுதிட்டார். பூணூல் அஞ்ஞானமா, வெறும் குல அடையாளமா? இதுதான் வழக்கு. 1619-ல் கோவாவில் கூடிய சபையில் பெரும்பாலோர் நொபிலிக்கு எதிர். 1623-ல் போப் பதினைந்தாம் கிரகோரி நிபந்தனைகளோட அனுமதி கொடுத்தார். 1704-ல் புதுச்சேரியில் தூர்னோன் பல சடங்குகளைத் தடை பண்ணார். 1744-ல் போப் பதினான்காம் பெனடிக்ட் ஆணையோட அந்த விவாதமே மூடப்பட்டது. இந்தச் சடங்குகள் பற்றி மிஷனரிகள் செய்யவேண்டியிருந்த சத்தியப்பிரமாணம் 1940-ல்தான் நீங்கியது. இத்தனைக்கும் நொபிலி திரித்துவத்தையோ கிறிஸ்துவின் தெய்வீகத்தையோ மறுத்தவர் இல்லை. சண்டை முழுக்க ஒரு நூலுக்காக!

இப்ப நம்ம மலைக்கு வருவோம். அமெரிக்கன் மதுரா மிஷன் 1834-ல் ஆரம்பம். திருமங்கலத்தில் 1842-ல் தொடங்கிய அவங்க செமினரி 1845-ல் பசுமலைக்கு மாறியது. இவங்க காங்கிரிகேஷனல்காரங்க. போப் கிடையாது, பிஷப் கிடையாது. ஆனா 1847-ல் ஒரு முடிவெடுத்தாங்க. சாதி என்பது அஞ்ஞானத்தின் முக்கியமான அங்கம். அதை விட்டால்தான் சபையில் இடம். விட்டதுக்கு அத்தாட்சி? எல்லாச் சாதியாரும் ஒண்ணா உட்கார்ந்து சாப்பிடும் அன்பின் விருந்து. உபதேசியார்கள் பலர், செமினரிப் பையன்கள் பலர் மாட்டேன்னுட்டாங்க. திருவிருந்திலிருந்து விலக்கம், வேலை போச்சு, படிப்பு போச்சு.

யோசிச்சுப் பாருங்க. விசுவாசப்பிரமாணத்தில் ஒரு எழுத்தைக்கூட மறுக்காதவர்கள் இவர்கள். மேலே சொன்ன கணக்குப்படி வேதப்புரட்டே இல்லை. ஜெர்மன் லைப்சிக் மிஷனின் கார்ல் கிரௌல் ஏறக்குறைய இதைத்தான் சொன்னார்: சாதி உலக ஒழுங்கு, அதை ஞானஸ்நானத்துக்கு நிபந்தனையாக்கக் கூடாது. அந்த மிஷனிலேயே அதை ஏற்காத ஓக்ஸ் பிரிஞ்சு போய் மேல்பட்டாம்பாக்கத்தில் வேற மிஷன் தொடங்கினார். தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியாரும் சாதியாசாரத்துக்காக மிஷனரிகளோட எழுத்தில் மல்லுக்கட்டியவர்தான். வெள்ளைக்காரத் துரைமார் சமையற்காரனைப் பக்கத்தில உட்காரவச்சா சாப்பிட்டாங்கன்னு இன்னிக்கு நாம கேக்கலாம், நியாயமான கேள்விதான். சோத்தைக் கையில வச்சுக்கிட்டு வேலைக்கும் உலை வைக்கிற பரீட்சை எனக்கும் உவப்பில்லை.

ஆனாலும் பந்தியைச் சின்ன விஷயம்னு என்னால தள்ள முடியலை. கலாத்தியர் இரண்டாம் அதிகாரம் படிங்க. அந்தியோகியாவில் புறஜாதியாரோட சாப்பிட்டுக்கிட்டிருந்த பேதுரு, யாரோ வந்ததும் பயந்து விலகிப் போறார். உபதேசத்தில ஒரு மாத்தமும் இல்லை, இடத்தைத்தான் மாத்தினார். பவுல் முகத்துக்கு நேரே சண்டை போடுறார், சுவிசேஷத்தின் சத்தியமே கோணலாகுதுன்னு. வேதப்புரட்டன்னு மட்டும் சொல்லலை.

தென்னாப்பிரிக்காவில் டச்சு சீர்திருத்தச் சபை 1857-ல், பசுமலை தீர்மானத்துக்குச் சரியா பத்து வருஷம் கழிச்சு, சிலருடைய பலவீனத்தை முன்னிட்டு வெள்ளையரல்லாதாருக்குத் தனி ஆராதனை, தனி திருவிருந்து நடத்தலாம்னு அனுமதிச்சது. சலுகைதானே, உபதேசமா என்ன? அந்தச் சலுகை வளர்ந்து தனிச் சபைகளாகி, பிறகு இனஒதுக்கலுக்கு வேதத்தில் ஆதாரம் தேடுவது வரைக்கும் போச்சு. 1982-ல் ஒட்டாவாவில் கூடிய உலகச் சீர்திருத்தச் சபைகளின் கூட்டமைப்பு, இனஒதுக்கல் பாவம், அதை இறையியலால் நியாயப்படுத்துவது வேதப்புரட்டு என்று அறிவிச்சு, வெள்ளையர் சபைகள் இரண்டை உறுப்பினர் உரிமையிலிருந்து நிறுத்தி வச்சது. எனக்குக் கோடு பிடிபட்டது இங்கேதான். பிரிஞ்சு உட்கார்ந்தப்ப பாவம். பிரிஞ்சு உட்காருறதுதான் தேவசித்தம்னு பிரசங்கம் பண்ணப்பதான் வேதப்புரட்டு.

வடக்கன்குளம் கோயிலை இதோட வச்சுப் பாருங்க. 1872-ல் கட்டினப்போ சாதிக்கொரு பக்கமா ரெண்டு நீள மண்டபம், நடுவில் சுவர், ஒரே பலிபீடம். சுவருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒரே விசுவாசப்பிரமாணத்தைத்தான் சொல்லியிருப்பாங்க! 1910-ல் சுவரை இடிச்சப்ப வழக்கு கோர்ட்டு வரைக்கும் போச்சு.

துக்க வீட்டுப் பையன் கதையை விட்டுட்டேனே. குழந்தை ஞானஸ்நானம் பற்றிப் புராட்டஸ்டண்டுகளுக்குள்ளேயே 1500-கள் முதல் தீராத சண்டை. அப்ப இதுக்காக ஆட்களைத் தண்ணியில முக்கிக் கொன்னிருக்காங்க. இன்னிக்கு அதை வேதப்புரட்டுன்னா பாதி உலகம் புரட்டன்தான் :-)

தீர்ப்பு சொன்ன பெரியவர் கிளம்பும்போது என்னைத் தனியா ஓரமா கூப்பிட்டார். பையனுக்குப் பொண்ணு பார்த்திட்டிருக்காங்களாம். "சபை எதுவா இருந்தாலும் பரவால்லப்பா. நம்ம ஆளுகளா மட்டும் பார்த்துச் சொல்லு"ன்னார்.