வரியா? தலைக்கட்டணமா?

"வளைகுடாவில் எண்ணெய் ஊறுது, அங்கே எதுக்கய்யா வருமான வரி?" என்று எதிரணி நண்பர் கேட்டார். நீங்களும் கை தட்டினீர்கள். கொஞ்சம் சரித்திரத்தைப் புரட்டுவோமா?

1986இல் எண்ணெய் விலை சரிந்தது. கஜானா இளைத்த சவூதி அரசு, 1988 ஜனவரியில் வெளிநாட்டவர் சம்பளத்துக்கு வரி என்றது. பலர் ராஜினாமாவுக்குத் தயாரானார்கள். சில நாளிலேயே அறிவிப்பு வாபஸ்!

வரி போச்சு; பணத்தேவை போச்சா? அது வேறு வேஷம் கட்டி வந்தது. 2017 ஜூலையில், வெளிநாட்டு ஊழியரோடு தங்கும் மனைவி மக்களுக்குத் தலைக்கு மாதம் 100 ரியால் கட்டணம். 2020இல் அதுவே 400. குமாஸ்தாவுக்கும் 400, மேனேஜருக்கும் 400! மனைவி, இரண்டு பிள்ளைகள் என்றால் மாதம் 1,200. குமாஸ்தா என்ன செய்வார்? குடும்பத்தை ஊருக்கு அனுப்பிவிட்டுத் தனியாகச் சமைத்துச் சாப்பிடுவார்.

ஓமான் 2025இல் ஒரு சட்டம் போட்டது. ஆண்டுக்கு 42,000 ஓமானி ரியாலுக்கு மேல் சம்பாதித்தால், அந்த மேல் தொகைக்கு மட்டும் 5 சதவீத வரி. 2028 முதல் அமல். சொந்த நாட்டாருக்கும் உண்டு. நம்ம டிரைவரையும் கொத்தனாரையும் அது தொடாது.

வரி வருமானத்தைப் பார்க்கிறது. கட்டணம் தலையை எண்ணுகிறது. எது நியாயம்? நீங்களே சொல்லுங்கள்!