ரிஃப்ளெக்ஸாலஜியும் ஹார்மோன் சமநிலையும்

பாதம், கை, காது ஆகியவற்றின் குறிப்பிட்ட புள்ளிகளை விரலால் அழுத்தும் மாற்று மருத்துவ முறை ரிஃப்ளெக்ஸாலஜி. அமெரிக்கக் காது, மூக்கு, தொண்டை மருத்துவர் வில்லியம் ஃபிட்ஸ்ஜெரால்டு உடலைத் தலை முதல் கால் வரை 10 நெடுக்கு மண்டலங்களாகப் பிரித்தார். அதை 1930களில் பாத வரைபடமாக விரித்தவர் யூனிஸ் இங்ஹாம். அந்த வரைபடத்தில் பிட்யூட்டரிக்குக் கால் பெருவிரல் சதையின் நடுப்பகுதி, தைராய்டுக்கு அவ்விரலின் அடிப்பகுதி, சினைப்பைக்குக் கணுக்காலின் வெளிப்புறம், கருப்பைக்கு உட்புறம். அங்கே அழுத்தினால் ஹார்மோன் சுரப்பு சீராகும் என்பது சிகிச்சையாளர்களின் கூற்று. ஆனால் அப்புள்ளிகளைச் சுரப்பிகளோடு இணைக்கும் தனிப் பாதை எதையும் உடற்கூறியல் காட்டவில்லை.

மாதவிடாய் நிற்கும் காலத்துத் தொல்லைகள் குறித்து 2002இல் வெளியான பிரிட்டன் ஆய்வு முக்கியமானது. ஒரு பிரிவினருக்கு ரிஃப்ளெக்ஸாலஜியும் மறுபிரிவினருக்குச் சாதாரணப் பாத மசாஜும் தரப்பட்டன. இரு பிரிவினருக்குமே தொல்லை குறைந்தது. அவர்களிடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. தொடுகையும் ஓய்வும் தரும் இதம் மெய்யானது. தூக்கமின்றித் தவிக்கும் பெண்ணுக்கு அது சிறிய உதவியல்ல. எனினும் தைராய்டு குறைபாடு, சினைப்பை நீர்க்கட்டி, நீரிழிவு உள்ளவர்கள் ரிஃப்ளெக்ஸாலஜியை நம்பி மாத்திரையை நிறுத்தக் கூடாது. காலில் இரத்த உறைவோ ஆறாத புண்ணோ இருந்தால் மருத்துவரைக் கேட்காமல் பாதத்தை அழுத்தக் கூடாது.