பிடித்து வைப்பதா, தாங்கிப் பிடிப்பதா?



நர்சிங் படித்த பிள்ளை ஒன்றாவது இல்லாத அன்பியம் நம் பங்கில் இருக்காது. படிப்பு முடிந்து வேலைக்குச் சேரும் நாளில் வீடே மகிழ்கிறது. இரண்டு ஆண்டு கழித்து விசாரித்தால் சிலர் அந்த வேலையில் இல்லை. "இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குப் பொறுமை இல்லை" என்று சொல்லி நாமும் அந்தப் பேச்சை முடித்துவிடுகிறோம். ஏறத்தாழ 400 ஆண்டுகளுக்கு முன் பாரிஸ் நகரில் இதே கேள்வி எழுந்தது. அன்று அதற்குப் பதில் தேடியவர்கள் இருவர்: புனித வின்சென்ட் தே பவுல், புனித லூயிஸ் தே மரியாக்.

1617-இல் ஷத்தியோன் என்ற சிற்றூரின் பங்குத்தந்தையாக இருந்த வின்சென்ட், ஏழை நோயாளிகளை வீடு தேடிச் சென்று கவனிக்கப் பெண்களை ஒன்றுசேர்த்துப் பிறரன்புக் கழகத்தைத் தொடங்கினார். கழகம் பல ஊர்களுக்குப் பரவியது, பாரிசுக்கும் வந்தது. அங்கே உறுப்பினர்கள் உயர்குடிப் பெண்கள். நன்கொடை கொடுத்தார்கள். ஆனால் நோயாளியின் படுக்கையைச் சுத்தம் செய்வதும் கஞ்சிப் பாத்திரத்தைத் தெருவில் சுமந்து செல்வதும் அவர்களால் முடியவில்லை. தங்கள் வேலைக்காரப் பெண்களை அனுப்பினார்கள். விருப்பமில்லாமல் வந்தவர்களின் கையில் சேவை நொண்டியடித்தது.

அந்த நேரத்தில் வந்தவர் மார்கரெட் நாசோ. பாரிசுக்கு அருகே சுரேன் ஊரில் 1594-இல் பிறந்தவர். மாடு மேய்த்த பெண். வழியில் போகிறவர்களை நிறுத்தி எழுத்துக்களைக் கேட்டுக் கேட்டே வாசிக்கக் கற்றுக்கொண்டவர். பிறகு மற்றப் பெண் பிள்ளைகளுக்கும் கற்பித்தவர். நோயாளிகளுக்குப் பணி செய்ய விரும்பி வின்சென்டிடம் தாமே வந்தார். அவரைப் பார்த்து வேறு கிராமத்துப் பெண்களும் வந்தார்கள். ஆளுக்கொரு பங்கு என்று அனுப்பப்பட்டார்கள்.

1633-இன் தொடக்கத்தில், கொள்ளைநோய் கண்ட ஒரு பெண்ணுக்குப் படுக்க இடமில்லாததால் மார்கரெட் தம் படுக்கையையே பகிர்ந்துகொண்டார். நோய் அவரையும் தொற்றியது. மருத்துவமனையில் இறந்தார். வயது நாற்பதைத் தொடவில்லை.

நாம் இதைக் கேட்டதும் "எவ்வளவு பெரிய தியாகம்!" என்கிறோம். தியாகம்தான். ஆனால் அத்தோடு நிறுத்தியிருந்தால், அடுத்து வந்த பெண்களும் ஒருவர் பின் ஒருவராக அணைந்துபோயிருப்பார்கள். லூயிஸ் தே மரியாக் அத்தோடு நிறுத்தவில்லை.

லூயிஸ் கணவரை இழந்தவர்; ஒரு மகனுக்குத் தாய். கழகங்களைப் பார்வையிட ஊர் ஊராகச் சென்ற அனுபவம் அவருக்கு இருந்தது. தனித்தனியே சிதறிக் கிடக்கும் இந்தப் பெண்கள் நிலைக்க மாட்டார்கள் என்று உணர்ந்தார். 1633 நவம்பர் 29 அன்று அவர்களில் சிலரைத் தம் வீட்டிலேயே சேர்த்துக்கொண்டார். இன்று உலகெங்கும் பணிபுரியும் பிறரன்புப் புதல்வியர் சபை அந்த வீட்டில்தான் பிறந்தது.

அந்த வீட்டில் நோயாளியைப் பராமரிக்கக் கற்றார்கள். வாசிக்கவும் எழுதவும் கற்றார்கள். வின்சென்ட் அவர்களோடு உட்கார்ந்து உரையாடினார். அவர்களையும் பேச வைத்தார். தொலைவுக்கு அனுப்பிய சகோதரிகளுக்கு லூயிஸ் எழுதிய கடிதங்கள் நூற்றுக்கணக்கில் இன்றும் கிடைக்கின்றன. அவற்றில் ஆன்மிகமும் உண்டு. உடல்நலம், உணவு, ஒருவரோடொருவர் ஒத்துப்போவது பற்றிய அக்கறையும் உண்டு. 1639-இன் இறுதியில், குளிர்காலத்தில், ஆன்ஷே நகர மருத்துவமனைக்குச் சகோதரிகளோடு லூயிஸ் தாமே பயணமானார். அங்கே நோயுற்றார். ஆயினும் 1640-இல் மருத்துவமனை நிர்வாகிகளோடு ஒப்பந்தம் கையெழுத்தான பிறகே திரும்பினார். நல்ல மனத்தை மட்டும் நம்பி அவர் பிள்ளைகளை விட்டு வரவில்லை.

இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. பிறரன்புப் புதல்வியர் தங்கள் வார்த்தைப்பாட்டை ஆண்டுதோறும் புதுப்பிக்கிறார்கள். ஒவ்வோர் ஆண்டும் ஒரு சகோதரி சுதந்திரமாக மீண்டும் "ஆம்" சொல்கிறார். அப்படியானால் அவர் மகிழ்ந்து "ஆம்" சொல்லும்படி வாழ்வை அமைத்துத் தருவது சபையின் கடமை ஆகிறது.

இந்த வழி அத்தோடு முடியவில்லை. 1853-இல் பாரிஸ் வந்து இச்சகோதரிகளிடையே கற்க முயன்றவர் ஃபுளோரன்ஸ் நைட்டிங்கேல். 1860-இல் லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் அவர் தொடங்கிய பள்ளியில், பயிற்சிப் பெண்களுக்குத் தங்குமிடம், உணவு, சீருடை, ஆண்டுக்கு 10 பவுண்டு உதவித்தொகை அனைத்தும் இருந்தன. 1872 முதல் அவர் அவர்களுக்கு நீண்ட அறிவுரைக் கடிதங்களும் எழுதிவந்தார்.

நம் நாட்டுக்கு வருவோம். 1946-இல் போர் குழு தன் அறிக்கையில், 43,000 பேருக்கு ஒரு செவிலியர் என்ற நிலையைச் சுட்டிக்காட்டியது. அதன் பிறகு கல்லூரிகள் பெருகின. ஆனால் படித்து வந்தவர்களை எப்படி வைத்துக்கொண்டோம்? சம்பளத்தைக் குறைத்து, ஒப்பந்தப் பத்திரம் எழுதி வாங்கி, அசல் சான்றிதழைப் பூட்டி வைத்த இடங்கள் உண்டு. தனியார் மருத்துவமனைச் செவிலியரின் நிலையை ஆராயக் குழு அமைக்கும்படி 2016 ஜனவரியில் உச்ச நீதிமன்றமே சொல்லவேண்டி வந்தது. 50 படுக்கைகளுக்குக் குறைந்த மருத்துவமனையில்கூட மாதம் 20,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது என்று அக்குழு பரிந்துரைத்தது. திருச்சபை நடத்தும் மருத்துவமனைகளும் இந்தக் கண்ணாடியில் முகம் பார்க்கத்தான் வேண்டும். "சேவை" என்ற சொல்லைக் காட்டிக் கூலியைக் குறைப்பது சேவை ஆகாது.

பூட்டி வைத்த சான்றிதழ் ஆளைப் பிடித்து வைக்கும். மனத்தைப் பிடித்து வைக்காது. லூயிஸ் பிடித்து வைக்கவில்லை, தாங்கிப் பிடித்தார்.

அன்பார்ந்தவர்களே, ஆண்டவரும் சீடர்களை இருவர் இருவராகவே அனுப்பினார். திரும்பி வந்தவர்களை ஓய்வெடுக்க அழைத்தார் (மாற்கு 6). நாமும் செய்யக்கூடியவை உண்டு. பெற்றோரே, பிள்ளை கையெழுத்திடும் முன் அந்தத் தாளை வாசித்துப் பாருங்கள். இரவுப் பணி முடிந்து வருகிறவளிடம் வீட்டு வேலையைச் சொல்லும் முன் அவளைத் தூங்க விடுங்கள். முதன்முதலாக ஒரு நோயாளி தன் கையில் இறந்த நாளில் அவள் பேசினால், அறிவுரை சொல்லாமல் கேளுங்கள். மூத்த செவிலியர்களே, வார்டில் புதிதாக வந்தவளைத் திட்டிப் பழக்குவதை விட்டு, முதல் ஆறு மாதம் அவளுக்கு அக்காவாக இருங்கள். வெளியூரிலிருந்து வந்து நம் பங்கில் அறை எடுத்துத் தங்கியிருக்கும் செவிலியர் யார் யார் என்று அன்பியப் பொறுப்பாளர்கள் இந்த வாரமே விசாரியுங்கள். ஒரு ஞாயிறு மதிய உணவுக்கு அழையுங்கள்.

நாளை நாம் படுக்கையில் கிடக்கும்போது, நள்ளிரவில் நம் நெற்றியைத் தொட்டுப் பார்க்க ஒரு கை வேண்டும். அந்தக் கை சோர்ந்துவிடாமல் காப்பது இன்று நம் பொறுப்பு. இறைவன் நம் செவிலியரையும் நம்மையும் ஆசீர்வதிப்பாராக. ஆமென்.