பேயாக வந்து நீதி கேட்டவன்

அநியாயமாகச் செத்தவர்தான் பேயாக வருவார் என்பார்கள் நம் பெரியவர்கள். அப்படியானால் ஒவ்வொரு பேய்க்கதையும் ஒரு கொலை வழக்குதான்.

மதுரை வீரனையே எடுத்துக்கொள்ளுங்கள். அருந்ததியர் வீட்டில் வளர்ந்த பிள்ளை. பாளையக்காரர் மகள் பொம்மியை மணந்தவன். திருமலை நாயக்கர் (1623–1659) காலத்தில் மதுரையில் திருட்டை ஒடுக்கியவன் என்கிறது கதைப்பாடல். அரண்மனை நாட்டியக்காரி வெள்ளையம்மாளை விரும்பியதும் அவனுக்குக் கிடைத்தது மாறுகால், மாறுகை.

செத்தும் அவன் அடங்கவில்லை. ஊர் நடுங்கியது. பிறகுதான் மீனாட்சி கோயில் கிழக்குக் கோபுரத்தருகே அவனுக்கு இடம் தந்தார்களாம். அதுவும் வாசலில்! அவன் சனங்கள் கோயிலுக்குள் கால் வைக்க 1939 ஜூலை 8 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

கொலை அதோடு முடியவில்லை. வீரனைக் காசி ராஜாவின் மகனாக்கினார்கள்; அருந்ததியர் வெறுமனே எடுத்து வளர்த்தவர்கள் ஆனார்கள். 1956இல் எம்.ஜி.ஆர். நடித்த ‘மதுரை வீரன்’ படத்திலும் அவன் ராஜா மகன்தான். முத்துப்பட்டன் கதையிலும் இதே வேலைதான்: அவன் மணந்த சக்கிலியப் பெண்கள் பொம்மக்கா, திம்மக்காவுக்குப் பிராமணப் பிறப்பை ஒட்டவைத்தார்கள். முதலில் உடலை வெட்டினார்கள், பிறகு பிறப்பைத் திருடினார்கள்.

அடுத்த முறை உங்கள் ஊரில் யாராவது பேய்க்கதை சொன்னால், பயப்படுவதற்கு முன் ஒன்று கேளுங்கள்: இவரைக் கொன்றது யார்?