தலைமைக்கு உரைகல் நீதி

பொறுப்பை விட்டு இறங்கும் நேரத்தில் மக்கள் எல்லாரையும் கூட்டி, தன்மேல் யாருக்காவது வழக்கு உண்டா என்று கேட்டவர் சாமுவேல். எவருடைய மாட்டையாவது அபகரித்தேனா, எவரையாவது ஒடுக்கினேனா, கைக்கூலி வாங்கிக்கொண்டு கண்ணை மூடினேனா என்ற வரிசையில் போகிறது அவர் விசாரணை. சிறு வயதிலேயே ஆண்டவரின் குரலைக் கேட்டவர் அவர். ஆனால் அந்தத் தரிசனத்தை அன்று சான்றாக எடுத்து வைக்கவில்லை. அயலாரிடம் தாம் நடந்துகொண்ட விதத்தைத்தான் மக்கள் முன் வைத்தார்.

நெகேமியா எருசலேம் மதிலை 52 நாளில் கட்டி முடித்தார் என்று பிரசங்கங்களில் அடிக்கடி கேட்கிறோம். அந்த வேலைக்கு நடுவே அவர் தீர்த்த ஒரு வழக்கைப் பற்றிக் கேட்பது குறைவு. பஞ்சத்தில் வயலையும் வீட்டையும் அடமானம் வைத்து, பிள்ளைகளையும் அடிமைப்படுத்திவிட்ட ஏழைகள் அவரிடம் முறையிட்டார்கள். கடன் கொடுத்தவர்கள் அந்நியர்கள் அல்லர், சொந்த இனத்துப் பெரியவர்கள். நெகேமியா அவர்களை ஊர் கூட்டிக் கண்டித்து, நிலங்களைத் திருப்பிக் கொடுக்க வைத்தார். ஆளுநருக்கு உரிய படியையும் 12 ஆண்டுகள் அவர் வாங்கவில்லை. மதிலில் கல் சுமந்தவன் கடனில் அமிழ்ந்து கிடக்க, அந்த மதிலால் ஊருக்கு என்ன காவல்? கிறிஸ்தவத் தலைமைக்கு வேதம் வைக்கும் அடித்தளம் இந்த நீதியே. குடிக்காதவர், பொய் சொல்லாதவர், ஆராதனை தவறாதவர் என்ற நற்பெயர் தேவைதான். ஆனால் எளியவனுக்குச் சேர வேண்டியது அவனுக்குச் சேர்ந்ததா என்ற கேள்வியில்தான் ஒருவரின் தலைமை நிற்கும் அல்லது விழும்.

இதற்கு நம் திண்டிவனத்திலேயே சான்று இருக்கிறது. ஆர்க்காடு மிஷனைச் சேர்ந்த டாக்டர் ஜான் ஸ்கட்டர் இங்கே பணியாற்றிய காலம். 1870இல் இராணிப்பேட்டையில் பிறந்த அவர் மகள் ஐடா, அமெரிக்காவில் படித்துவிட்டு, 1890களின் தொடக்கத்தில் நோயுற்ற தாயைக் கவனிக்கத் திண்டிவனம் வந்திருந்தார். இங்கே தங்கிவிடும் எண்ணம் அவருக்குத் துளியும் இல்லை. ஒரே இரவில் மூன்று பேர் அடுத்தடுத்து அந்த வீட்டு வாசலுக்கு வந்தார்கள். ஒருவர் பிராமணர், ஒருவர் முஸ்லிம், மற்றவர் வேறொரு உயர்சாதி இந்து. மூவரின் மனைவியரும் பிரசவ வேதனையில் இருந்தார்கள். நான் மருத்துவம் படித்தவள் இல்லை, என் தந்தை வருவார் என்றார் ஐடா. ஆண் மருத்துவர் வேண்டாம் என்று மூவரும் திரும்பிப் போனார்கள். விடிந்ததும் ஆள் அனுப்பி விசாரித்தபோது மூன்று பெண்களுமே இறந்திருந்தார்கள்.

இதை இறை அழைப்பின் கதையாகவே நம் சபை இதழ்கள் சொல்லி வருகின்றன. எனக்கு இது நீதியின் கதையாகவே படுகிறது. அந்த மரணங்களில் ஐடாவின் குற்றம் எதுவும் இல்லை. சட்டமும் மனசாட்சியும் அவரை விட்டுவிட்டிருக்கும். வந்தவர்களின் வழக்கத்தைக் குறை சொல்லிவிட்டு அவர் கப்பலேறியிருந்தாலும் யாரும் கேட்டிருக்கப் போவதில்லை. அந்தப் பெண்களுக்குக் கிடைக்க வேண்டியது கிடைக்கவில்லை, அதைக் கொடுக்கும் பொறுப்பு தன்னுடையது என்று அவர் ஏற்றுக்கொண்டார். அன்று அவருக்குப் பட்டமும் இல்லை, பதவியும் இல்லை, சபையில் வாக்கும் இல்லை. அவருடைய தலைமை அந்த இரவில் தொடங்கியது.

1899இல் மருத்துவப் பட்டம் பெற்று, 1900இல் வேலூர் வந்தார். 1902இல் மேரி டேபர் ஷெல் மருத்துவமனை திறந்தது. 1918இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியைத் தொடங்கினார். முதல் ஆண்டுத் தேர்வை எழுதிய 14 மாணவிகளும் தேறினார்கள். சோதனை அதற்குப் பிறகு வந்தது. 1930களின் இறுதியில், எல்.எம்.பி. படிப்பை எம்.பி.பி.எஸ். தரத்துக்கு உயர்த்த வேண்டும் என்ற நிலை ஏற்பட்டது. அதற்குப் பெரும் பணம் வேண்டும். ஆண்களையும் சேர்த்துக்கொண்டால்தான் பல மிஷன்கள் கைகொடுக்கும். பெண்களுக்கென்றே எழுப்பிய நிறுவனம் அது. அமெரிக்காவில் அதற்காக நிதி திரட்டித் தந்த தோழி லூசி பீபாடி கடுமையாக எதிர்த்தார். ஐடா அப்போது எழுபது வயதை நெருங்கியவர். தம் வாழ்நாள் கனவு வேறு உருவம் எடுப்பதை ஏற்றுக்கொண்டு, கடல் கடந்து போய் ஊர் ஊராகப் பேசிப் பணம் சேர்த்தார். 1942இல் அது கல்லூரியானது. 1947இல் ஆண்களும் சேர்ந்தார்கள். பிறகு ஹில்டா லாசரஸ் அதன் முதல் இந்திய இயக்குநரானார். நிறுவியவரின் பிடிவாதத்தால் நொடித்துப்போன நிறுவனங்கள் நம்மிடையே எத்தனை! ஐடாவுக்கோ தம் விருப்பத்தைவிட நோயாளியின் தேவை பெரிதாக இருந்தது.

இதே மண்ணில் எதிர்ச்சான்றும் உண்டு. அக்கம்பக்கத்துப் புதுச்சேரிக் கோயிலுக்குள் சாதி பிரித்து ஒரு சுவர் நின்றதையும், ஒடுக்கப்பட்ட கிறிஸ்தவர்கள் குருவிடம் முறையிட்டு அது இடிக்கப்பட்டதையும் ஆனந்தரங்கப் பிள்ளை 1745ஆம் ஆண்டு நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார். இருநூற்று அறுபது ஆண்டுகளுக்கு மேல் கழிந்த பின், அன்று விழுப்புரம் மாவட்டத்தில் இருந்து இன்று கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் உள்ள எறையூரில், தலித் கத்தோலிக்கர் தங்கள் சகாய மாதா கோயிலைத் தனிப் பங்காக்கக் கேட்டார்கள். ஒரே விசுவாசத்தார் ஏன் பிரிய வேண்டும் என்று வெளியிலிருந்து கேட்பது எளிது. தனிக் கல்லறை, பெரிய தெரு வழியே சவ ஊர்வலம் போகத் தடை என்று வாழ்ந்தவர்கள் அவர்கள். 2008 மார்ச் 9ஆம் தேதி அது கலவரமாகி, போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இருவர் உயிர் போனது. இரு தரப்பும் ஞானஸ்நானம் பெற்றவர்கள். பல தலைமுறைகளாக அங்கே பொறுப்பில் இருந்தவர்கள், எவர் மனமும் கோணாமல் பார்த்துக்கொள்வதையே சமாதானம் என்று எண்ணிவிட்டார்கள் என்பது என் முடிவு.

எறையூரைச் சுட்டிவிட்டு மற்றச் சபைகள் தப்ப முடியாது. பாஸ்டரேட் கமிட்டித் தேர்தலிலும் பங்குப் பேரவையிலும் உறவும் சாதியும் எண்ணிப் பார்த்தே பெயர்கள் முன்மொழியப்படுகின்றன. இப்படி வருகிறவர் நாளை தன் சொந்தக்காரர் சபை நிலத்தை வளைத்தால் கேட்க மாட்டார், கேட்க முடியாது. ஆயர் சபைகளுக்கு வரும்போது பதிவேடுகளும் காணிக்கைக் கணக்கும் பார்வைக்கு வைக்கப்படுகின்றன. அவற்றோடு கல்லறைத் தோட்டத்தையும் நேரில் பார்த்துவரக் கோருகிறேன். உள்ளே சாதிக்கு ஒரு வேலி இருக்குமானால், அதை ஓராண்டுக்குள் எடுக்கும் பொறுப்பைக் குருவும் கமிட்டியும் எழுத்தில் ஏற்க வேண்டும். எடுக்காத கமிட்டி அடுத்த தேர்தலுக்கு நிற்கக் கூடாது.