தோத்துப்போன நாடு வாங்கின கப்பல்



நீங்க இப்போ இருக்கற அறையை ஒரு தடவை சுத்திப் பாருங்க. ஜன்னல், மேசை, அலமாரி, அலமாரிக்குச் சாவி. இந்த நாலு வார்த்தையும் போர்ச்சுகீசிய மொழியில இருந்து தமிழுக்கு வந்தவை. நம்ம வீட்டுக்குள்ள இவ்வளவு தூரம் வந்து உட்கார்ந்த ஒரு நாடு, சில நூற்றாண்டா 'நாம வீழ்ந்துட்டோம், பழைய பெருமை போச்சு'ன்னு புலம்பிட்டே இருந்திருக்கு. இன்னைக்கு எபிசோட் அந்தப் புலம்பலைப் பற்றித்தான். அது எப்படி ஒரு போர்க்கப்பலா மாறுச்சு, அந்தக் கப்பல் கடைசியில யார் மேல குண்டு போட்டுச்சுன்னு பார்க்கப் போறோம்.

ஆரம்பம் 1578. வாஸ்கோ ட காமா கோழிக்கோடு வந்து இறங்கி 80 வருஷம் ஆயிருச்சு. கோவா, மலாக்கா, மக்காவ், பிரேசில்னு உலகம் முழுக்கப் போர்ச்சுகல் கொடி பறக்குது. ஆனா சொந்த நாடு ரொம்பச் சின்னது. பரப்பளவுல நம்ம தமிழ்நாட்டை விடச் சிறியது. அந்த நாட்டோட ராஜா செபாஸ்டியனுக்கு வயசு 24, கல்யாணம் ஆகல, வாரிசு கிடையாது. மொராக்கோவை ஜெயிச்சே தீருவேன்னு படையோட கிளம்பினார். ஆகஸ்ட் 4 அன்னைக்கு அல்காசர் கிபீர் என்ற இடத்துல சண்டை. ராஜாவும் போனார், கூடப் போன பிரபுக்கள்ல பெரும்பாலானவங்க செத்தாங்க, இல்லன்னா கைதியானாங்க.

அதே வருஷம் அக்டோபர் 20-ஆம் தேதி, கொல்லத்துல ஒரு 16 பக்கப் புத்தகம் அச்சாகி வெளியே வருது. 'தம்பிரான் வணக்கம்'. இந்திய மொழி ஒண்ணுல, அந்த மொழியோட எழுத்துலயே இந்திய மண்ணுல அச்சான முதல் புத்தகம். அதைத் தமிழ்ல கொண்டு வந்தவர் என்ரிக் என்ரிக்கஸ்னு ஒரு போர்ச்சுகீசியப் பாதிரியார். ராஜா செத்து சுமார் ரெண்டரை மாசம்தான் ஆகியிருந்தது. ஒரு நாடு தன்னோட மிகப் பெரிய தோல்வியைச் சந்திச்ச அதே வருஷம், அந்த நாட்டுக்காரர் ஒருத்தர் நம்ம எழுத்தை அச்சுல ஏத்தறார். இதை ஞாபகம் வச்சுக்குங்க, கடைசியில திரும்பி வருவோம்.

ரெண்டே வருஷத்துல, 1580-ல, போர்ச்சுகல் ஸ்பெயின் ராஜா கைக்குப் போச்சு. மீட்க 60 வருஷம் ஆச்சு. அதுக்கு நடுவுல ஒரு நம்பிக்கை பரவுச்சு: செபாஸ்டியன் சாகல, மூடுபனி நிறைஞ்ச ஒரு காலையில திரும்பி வருவார், எல்லாத்தையும் பழையபடி ஆக்குவார். 'நான்தான் செபாஸ்டியன்'னு சொல்லிக்கிட்டு வரிசையா ஆளுங்க கிளம்பினாங்க. அதுல ஒருத்தர், ஸ்பெயின்ல மாவுப் பண்டம் செஞ்சு வித்தவர். 1595-ல அவரைத் தூக்குல போட்டாங்க. அந்தப் போலி ராஜாக்கள் எல்லாரும் போய்ச் சேர்ந்தாங்க. நம்பிக்கை மட்டும் போகல. நாட்டுக்கு எப்பெல்லாம் கெட்ட காலம் வந்ததோ, அப்பெல்லாம் யாரோ ஒருத்தர் அந்தப் பனியைப் பார்த்துக்கிட்டு நின்னாங்க.

கெட்ட காலமும் வந்துட்டே இருந்தது. 1755 நவம்பர் 1-ல பூகம்பம் லிஸ்பனை இடிச்சுத் தள்ளுச்சு. 1807-ல நெப்போலியன் படை வருதுன்னு அரச குடும்பமே கப்பல் ஏறி பிரேசிலுக்குப் போயிருச்சு. 1822-ல அந்த பிரேசிலும் தனி நாடாயிருச்சு.

ஒரு இளைஞர் சொன்ன மூணு காரணம்

இப்போ 1871-க்கு வருவோம். லிஸ்பன்ல காசினோ என்ற ஒரு அரங்கம். சில இளம் எழுத்தாளர்கள் சேர்ந்து அங்கே ஒரு தொடர் சொற்பொழிவு ஏற்பாடு பண்றாங்க. மே 27 அன்னைக்குப் பேசினவர் அன்டேரோ டி கென்டால். கவிஞர், வயசு 29. தலைப்பு, கடந்த மூணு நூற்றாண்டுல ஸ்பெயின், போர்ச்சுகல் மக்களோட வீழ்ச்சிக்கான காரணங்கள்.

நாம வேலை பார்க்கற இடத்துல ராத்திரி சர்வர் விழுந்துருச்சுன்னா, மறுநாள் உட்கார்ந்து ஏன் விழுந்ததுன்னு எழுதுவோம் இல்லையா? அன்டேரோ ஒரு நாட்டுக்கு அதைச் செஞ்சார். அவர் மூணு காரணம் சொன்னார். ஒண்ணு, 16-ஆம் நூற்றாண்டு டிரென்ட் மாநாட்டுக்குப் பிறகு இறுகிப்போன கத்தோலிக்க மதம், கேள்வி கேட்கற மனசையே மூடிருச்சு. ரெண்டு, எல்லா அதிகாரமும் ராஜா கையில குவிஞ்சது. மூணாவதுதான் கூட்டத்தைக் குத்தியிருக்கும்: தூர தேசங்களைப் பிடிச்சது. அதாவது, எதை நினைச்சு நாடே மார்தட்டுச்சோ, அதையே நோய்னு சொன்னார். இந்தியாவுல இருந்து செல்வம் வருதுன்னு விவசாயி வயலை விட்டுட்டுப் போனான், உள்ளூர்த் தொழில் வளரவே இல்ல. செல்வம் நின்னதும் கையில ஒண்ணும் இல்லன்னு வாதாடினார்.

அந்தத் தொடர்ல நாவலாசிரியர் எசா டி கெய்ரோஸ் பேசினார். கல்வியைப் பற்றியும் ஒரு உரை நடந்தது. ஜூன் 26, அடுத்த உரைக்கான நாள். வந்தவங்க பார்த்தா கதவு பூட்டியிருக்கு. அரசாங்கம் தடை போட்டிருச்சு.

அவர் சொன்ன மூணும் சரியான்னு வரலாற்று ஆசிரியர்கள் இன்னும் சண்டை போடலாம். ஆனா ஒண்ணு கவனிங்க. 'யார் நம்மளைக் கெடுத்தாங்க'ன்னு அவர் கேட்கல. 'நாம என்ன பண்ணினோம்'னு கேட்டார். அந்தக் கேள்விக்குத்தான் பூட்டு விழுந்தது.

பூதத்தோட பேர்

1890 ஜனவரி 11. ஆப்பிரிக்காவுல மேற்குக் கரையில அங்கோலா, கிழக்குக் கரையில மொசாம்பிக், ரெண்டும் போர்ச்சுகல் கையில. நடுவுல இருக்கற நிலத்தையும் சேர்த்து இளஞ்சிவப்பு வண்ணம் அடிச்சு ஒரு வரைபடம் போட்டு வச்சிருந்தாங்க. அந்த நடுப்பகுதி மேல பிரிட்டனுக்கும் கண்ணு. படையைப் பின்வாங்குன்னு பிரிட்டன் ஒரு இறுதி எச்சரிக்கை அனுப்புது. ரெண்டு நாட்டுக்கும் 1386-ல இருந்து நட்பு ஒப்பந்தம் உண்டு. 500 வருஷத்துக்கு மேல பழகின நண்பன்தான் மிரட்டறான். அரசாங்கம் உடனே பணிஞ்சிருச்சு.

நாடு கொதிச்சுப் போச்சு. தெருவெல்லாம் ஊர்வலம். லிஸ்பன்ல இருக்கற கவிஞர் கமோயிஸ் சிலைக்குக் கறுப்புத் துணி போர்த்தினாங்க. காமாவோட பயணத்தைக் காவியமா எழுதினவர் அவர். அந்தக் கோபத்துல பிறந்த ஒரு பாட்டுதான் பின்னாடி, 1911-ல, தேசிய கீதமாச்சு. 'நம்மகிட்ட நல்ல கப்பற்படை இருந்தா இப்படி மிரட்டுவானா'ன்னு மக்கள்கிட்ட நிதி திரட்டினாங்க. வசூலான பணத்துல ஒரு போர்க்கப்பல் கட்டச் சொன்னாங்க. கட்டினது எங்கே தெரியுமா? இத்தாலியில. பேர், 'அடமாஸ்டர்'. கமோயிஸ் காவியத்துல தென்னாப்பிரிக்க முனையில எழும்பி நின்னு காமாவோட கப்பல்களை மிரட்டற பூதத்தோட பேர் அது.

அப்போ நாடு எப்படி இருந்தது? 1900-ல போர்ச்சுகல்ல நாலு பேர்ல கிட்டத்தட்ட மூணு பேருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. கமோயிஸ் சிலைக்குக் கறுப்புத் துணி போர்த்தின நாட்டுல, கமோயிஸைப் படிக்க முடிஞ்சவங்க நாலுல ஒருத்தர்.

இதைச் சரி பண்ண நினைச்சவங்களும் இருந்தாங்க. ஜுவாவ் டி டேயுஸ் என்ற கவிஞர், தாய்மார்களே பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கற மாதிரி 1876-ல ஒரு அரிச்சுவடி போட்டார். அதைக் கையில எடுத்துக்கிட்டு ஊர் ஊராப் போய்ச் சொல்லிக் கொடுக்க 1882-ல நடமாடும் பள்ளிகளுக்காக ஒரு சங்கம் தொடங்கினாங்க. தேசப்பற்று, இது இல்லாம வேற என்ன? ஆனா அரிச்சுவடிக்குப் பீரங்கிச் சத்தம் கிடையாது. அதனால கதையில எப்பவும் ஓரமா நிக்கும்.

பீரங்கிச் சத்தத்துக்கு வருவோம். 1910 அக்டோபர். குடியரசுப் புரட்சி. அடமாஸ்டர் கப்பலோட மாலுமிகள் புரட்சிப் பக்கம் சாஞ்சுட்டாங்க. கப்பல் நதியில நின்னு அரண்மனை மேல குண்டு போட்டுச்சு. பிரிட்டன்காரனை எதிர்க்க மக்கள் காசுல வாங்கின கப்பல், சொந்த ராஜாவைத் துரத்துச்சு. ராஜா ரெண்டாம் மனுவேல் கடைசியில போய்க் குடியிருந்தது எங்கேன்னா, இங்கிலாந்துல.

பெரிசாக்கின வரைபடம்

குடியரசும் நிலைக்கல. 16 வருஷத்துல 40-க்கும் மேல அரசுகள் மாறுச்சு. 1926-ல ராணுவம் வந்தது, 1932-ல சலாசார் பிரதமர் ஆனார். வீழ்ச்சின்னு யாரும் வாய் திறக்கக்கூடாது, பெருமை மட்டும்தான் பேசணும்னு ஆயிருச்சு. 1934-ல ஒரு வரைபடம் வந்தது. அங்கோலா, மொசாம்பிக் எல்லாத்தையும் வெட்டி எடுத்து ஐரோப்பா மேல ஒட்டி, 'போர்ச்சுகல் சின்ன நாடு இல்ல'ன்னு மேல எழுதியிருந்தாங்க. அதைத் தயாரிச்ச என்ரிகே கல்வாவ் பின்னாடி சலாசாருக்கே எதிரியாகி, 1961-ல 'சாந்தா மரியா' பயணக் கப்பலைக் கடத்தினார். 

அதே 1961 டிசம்பர்ல இந்தியப் படை கோவாவுக்குள்ள வந்தது. கடைசி ஆள் வரைக்கும் சண்டை போடணும்னு சலாசார் உத்தரவு. கவர்னர் ஜெனரல் வசாலோ இ சில்வா சரணடைஞ்சார். வீணா யாரும் சாக வேண்டாம்னு முடிவு எடுத்த அந்த மனுஷரை ராணுவத்துல இருந்தே நீக்கினாங்க. ஆப்பிரிக்காவுல 13 வருஷம் போர் ஓடுச்சு. 1970-லகூட நாட்டுல சுமார் நாலுல ஒருத்தருக்குப் படிக்கத் தெரியாது. 1974 ஏப்ரல் 25-ல களைச்சுப்போன அந்த ராணுவத்தோட இளம் அதிகாரிகளே ஆட்சியைக் கவிழ்த்தாங்க.

கதை அங்கேயே முடிஞ்சிருந்தா நல்லா இருந்திருக்கும். 2007-ல போர்ச்சுகல் அரசுத் தொலைக்காட்சி 'மிகச் சிறந்த போர்ச்சுகீசியர் யார்'னு ஒரு ஓட்டெடுப்பு நடத்துச்சு. 41 சதவீதம் வாங்கி முதல்ல வந்தவர் சலாசார். டிவி ஓட்டெடுப்பு மக்கள் தீர்ப்பு ஆகாதுதான். ஆனாலும் பனிக்குள்ள யாரையோ தேடற பழக்கம் அவ்வளவு சீக்கிரம் போகல.

'அப்போ பெருமைப்படறதே தப்பா'ன்னு நீங்க கேட்கலாம். இந்த மாதிரி எபிசோட் போடும்போதெல்லாம் வர்ற கேள்வி அது. தப்புன்னு நான் நினைக்கல. போர்ச்சுகல் இழந்தது நிஜம், அந்த வலியும் நிஜம். அந்த வலியை வச்சு என்ன வாங்கறோம்ங்கறதுதான் எனக்கு விஷயம். ஒருத்தர் கப்பல் வாங்கச் சொன்னார், ஒருத்தர் வரைபடத்தைப் பெரிசாக்கினார், ஒருத்தர் அரிச்சுவடி எழுதினார். பெரும்பாலும் கைதட்டு முதல் ரெண்டுக்குத்தான் கிடைச்சது.

அந்த 1578-ஐ ஞாபகம் வச்சுக்கச் சொன்னேன் இல்லையா? என்ரிக்கஸ் மதத்தைப் பரப்பத்தான் வந்தார், பின்னாடி பேரரசோட பலமும் இருந்தது, அதை மறைக்க வேண்டாம். ஆனா இன்னைக்கு அந்தப் பேரரசோட கோட்டைகள்ல பாதி இடிஞ்சு கிடக்கு. அந்த 16 பக்கத்துல தொடங்கின தமிழ் அச்சு இன்னும் ஓடிட்டே இருக்கு.

அடுத்த தடவை உங்க குடும்ப குரூப்ல 'நாம ஒரு காலத்துல எப்படி இருந்தோம் தெரியுமா'ன்னு ஒரு வீடியோ வந்தா, உடனே சண்டைக்குப் போகாதீங்க. முழுசாப் பாருங்க. கடைசியில அது உங்களை என்ன வாங்கச் சொல்லுதுன்னு மட்டும் கவனிங்க. அதை எனக்கும் எழுதி அனுப்புங்க, அடுத்த எபிசோட்ல பேசலாம்.